வெள்ளாற்றங்கரைக்கு லைலா வரட்டும்

கூத்துக் களரியில் யார் வந்தாலும் முதலில் பெயரைச் சொல்லியாக வேண்டும். இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகத் துணியைப் பிடித்துத் திரையாக்கி நிற்பார்கள். வேடக்காரர் அதன் பின்னால் நின்று பாடுவார். பெஞ்சில் அமர்ந்திருக்கும் பின்பாட்டுக்காரர்கள் அடியை வாங்கிப் பாடுவார்கள். ஆர்மோனியமும் மிருதங்கமும் கைத்தாளமும் சேர்ந்துகொள்ளும். திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி மட்டும் ஆடிக்கொண்டிருக்கும். வந்திருப்பது யார், எந்த ஊர், பெயர் என்ன என்று கட்டியக்காரன் கேட்பான். அதற்குப் பிறகுதான் திரை விலகும். துரியோதனனானாலும் திரௌபதியானாலும் தன் பெயரைத் தன் வாயாலேயே சொல்லிவிட்டுத்தான் கதைக்குள் நுழைய முடியும். கடலூர் மாவட்டத்துத் திட்டக்குடி வட்டாரத்தில் திரௌபதியம்மன் திருவிழாக் கூத்தை விடிய விடியப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பெயரைச் சொன்னதே குற்றமாகிப்போன ஒரு காதல் கதை உண்டு. அரபு நாட்டு லைலா மஜ்னூன் கதை.

ஏழாம் நூற்றாண்டில் நஜ்து பாலை நிலத்தில் வாழ்ந்த பனூ ஆமிர் குலத்துப் பையன் கைஸ். அவன் தன் குலத்துப் பெண் லைலாவை நேசித்தான். நேசித்ததோடு நிற்கவில்லை, கவிதை கட்டிப் பாடினான். அந்தக் கவிதையில் அவள் பெயரையும் சேர்த்துப் பாடினான். பாட்டு வாய்க்கு வாய் பரவியது. ஒரு பெண்ணின் பெயர் ஊர்ப் பாட்டில் அடிபட்டால் குடும்பத்துக்கே இழுக்கு என்பது அந்தக் காலத்து வழக்கம். பெண் கேட்டுப் போனபோது லைலாவின் தந்தை மறுத்துவிட்டார். அவளை வேறொருவனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். கைஸ் பாலைவனத்துக்குப் போய் விலங்குகளோடு அலைந்தான். ‘ஜின் பிடித்தவன்’, அதாவது பித்தன் என்ற பொருளில் ஊர் அவனை ‘மஜ்னூன்’ என்றது. அதன் பிறகு அவனுடைய சொந்தப் பெயரை யாரும் சொல்லவில்லை. லைலா வாடி இறந்தாள். அவள் கல்லறையிலேயே அவன் உயிரும் போனது.

இப்படி ஒருவன் உண்மையிலேயே இருந்தானா என்ற ஐயம் பழைய அரபு அறிஞர்களுக்கே இருந்தது. ஆனாலும் கதை ஊர் ஊராகப் போனது. 1188இல் கஞ்சா நகரத்து நிஜாமி இதைப் பாரசீகக் காப்பியமாக எழுதினார். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் அமீர் குஸ்ரு இந்திய மண்ணில் இருந்தபடி எழுதினார். பதினாறாம் நூற்றாண்டில் ஃபுஸூலி துருக்கி மொழி மரபில் பாடினார். தமிழ்நாட்டுக்கும் அது வந்தது. பானுமதியும் நாகேஸ்வர ராவும் நடித்த பரணி பிக்சர்ஸின் ‘லைலா மஜ்னு’ 1949இல் தெலுங்கில் வெளியாகித் தமிழிலும் பேசியது. அடுத்த ஆண்டே டி.ஆர்.மகாலிங்கமும் எம்.வி.ராஜம்மாவும் நடித்த தமிழ்ப் படம் அதே பெயரில் வந்தது.

ஆக, இது தமிழ் மக்கள் அறியாத கதையல்ல. இதை மறுபடியும் சொல்ல வேண்டும், ஆட்டமாகவும் கண்ணெதிரே பாடும் பாட்டாகவும் சொல்ல வேண்டும், திட்டக்குடி போன்ற ஊரில் வெள்ளாற்றங்கரையில் சொல்ல வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் கோரிக்கை. அதற்கான காரணங்கள் உலகத்தின் மறுமுனையிலும் இருக்கின்றன, விருத்தாசலம் பக்கத்திலேயும் இருக்கின்றன.

முதலில் மறுமுனை. 2016 செப்டம்பர் 30 அன்று அமெரிக்காவின் பெர்க்லி நகரில், ஜெல்லர்பாக் அரங்கில் ‘லைலா அண்ட் மஜ்னூன்’ என்ற நவீன நடனம் அரங்கேறியது. அமைத்தவர் மார்க் மோரிஸ். அசர்பைஜானின் உசேயிர் ஹாஜிபெய்லி 1908இல் அரங்கேற்றிய இசை நாடகத்தை ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கி, அதையே நடனத்தின் உயிராக வைத்தார்கள். யோ யோ மா தொடங்கிய சில்க் ரோட் இசைக்குழு வாசித்தது. பாடியவர்கள் அசர்பைஜானின் முகாம் இசை மேதை ஆலிம் காசிமோவும் அவருடைய மகள் ஃபர்கானா காசிமோவாவும்.

அந்த மேடையில் பாடகர்களுக்குத் தந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். மேலை நாட்டு நடன அரங்குகளில் இசைக்காரர்கள் மேடைக்குக் கீழே ஒரு பள்ளத்தில் மறைந்திருப்பார்கள். இங்கே அப்பாவும் மகளும் மேடையின் நடுவிலேயே, சற்று உயர்ந்த திண்டில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்கள். வாத்தியக்காரர்கள் அவர்களைச் சுற்றி இருந்தார்கள். நடனக்காரர்கள் அந்தக் கூட்டத்துக்கு முன்னாலும் பின்னாலும் பக்கவாட்டிலும் வளைய வந்து ஆடினார்கள். பின்னால் தொங்கிய பெரிய திரை, ஹோவர்ட் ஹாட்கின் தீட்டிய ‘காதலும் மரணமும்’ என்ற ஓவியம். மஜ்னூனின் குரல் ஆலிமுடையது, லைலாவின் குரல் ஃபர்கானாவுடையது. இருவரும் இடத்தைவிட்டு அசையவில்லை. அவர்களுடைய துயரம்தான் மற்றவர்களின் கைகால்களில் ஓடியது. கூத்து பார்த்து வளர்ந்த ஒருவர் அந்த அரங்குக்குள் போயிருந்தால், பின்பாட்டுப் பெஞ்சை நடுக்களத்துக்குத் தூக்கி வந்து போட்டிருக்கிறார்கள் என்றுதான் நினைத்திருப்பார்.

இன்னொரு முடிவு அதைவிடத் துணிச்சலானது. மோரிஸ் லைலாவாக ஒரு பெண்ணையும் மஜ்னூனாக ஓர் ஆணையும் தேர்ந்தெடுக்கவில்லை. நான்கு ஜோடிகள் பகுதிக்கு ஒன்றாக மாறி மாறி அந்தக் காதலர்களாக ஆடின. இறுதிப் பகுதியில் நான்கு ஜோடிகளும் சேர்ந்தே களத்தில் இருந்தன. பார்க்கிறவருக்கு இவள்தான் லைலா என்று ஒரு முகம் பதிவதில்லை. யார் வேண்டுமானாலும் லைலாவாக இருக்கலாம் என்று உடல்கள் சொல்லிவிடுகின்றன.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. அகத்திணைப் பாட்டில் தலைவன், தலைவி பெயரைச் சுட்டிச் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பியம் வகுத்த நெறி. பெயர் வந்தால் அது அகமாகாது, புறமாகிவிடும். குறுந்தொகையிலும் அகநானூற்றிலும் பிரிவால் உருகுகிற அத்தனை பேரும் பெயரற்றவர்கள். அதனால்தான் இரண்டாயிரம் ஆண்டு கழித்தும் படிக்கிறவர் தன்னையே அங்கே பார்த்துக்கொள்ள முடிகிறது. அரபுக் கவிஞன் பெயர் சொன்னதால் அழிந்தான். தமிழ்ப் புலவர்கள் பெயரை மறைத்துக் காதலைக் காத்தார்கள். இரண்டு மரபுக்கும் ஒரே கவலைதான். ஊர் வாய்க்கு அஞ்சிய கவலை. தமிழ் அதற்கு ‘அலர்’ என்று தனிச் சொல்லே வைத்திருக்கிறது.

மஜ்னூனின் பித்தும் இங்கே அந்நியமில்லை. பனை மட்டையில் குதிரை செய்து, எருக்கம்பூ மாலை போட்டுக்கொண்டு, காதலியின் உருவம் வரைந்த துணியைக் கையில் பிடித்தபடி ஊர் நடுத்தெருவுக்கு வருவதாகச் சொல்லும் மடலேறுதல் மஜ்னூனின் கதைக்கு அண்ணன் முறை. பெண்களுக்கு மடலேற்றம் இல்லை என்றது இலக்கணம். திருமங்கையாழ்வார் பெண்ணாகத் தன்னை வைத்துப் பெரிய திருமடலும் சிறிய திருமடலும் பாடி அந்த இலக்கணத்தையே மீறினார். கடலூருக்கு அண்டை மாவட்டமான விழுப்புரத்தில், திருவெண்ணெய்நல்லூரில் சுந்தரர் பாடிய முதல் பதிகம் இறைவனையே பித்தன் என்று அழைத்துத்தான் தொடங்குகிறது. அன்பு முற்றினால் பித்து என்பதை இந்த மண் கோயிலுக்குள்ளேயே வைத்துக் கும்பிட்டிருக்கிறது. பிரிவின் நிலம் பாலை என்பதும் தமிழ்க் கணக்கு. மஜ்னூன் அலைந்த மணல்வெளிக்குத் தமிழில் வேறு பெயர் தேட வேண்டியதில்லை.

மோரிஸுக்கும் தமிழ்நாட்டுக்கும் பழைய உறவு ஒன்று இருக்கிறது. 1983இல் அவர் அமைத்த ஒரு சிறு நடனத்தின் பெயரே ‘தமிழ் ஃபிலிம் சாங்ஸ் இன் ஸ்டீரியோ’ என்றுதான் தொடங்கும். அடுத்த ஆண்டு, எம்.எஸ்.சுப்புலட்சுமி பாடிய தியாகராஜரின் ‘ஓ ரங்கசாயி’ கீர்த்தனைக்கு அவர் தனியாளாக ஆடினார். திருவரங்கத்துப் பெருமாள் மீதான காம்போதி ராகப் பாட்டை ஓர் அமெரிக்க இளைஞர் தன் உடம்பில் ஏற்றிக்கொண்டார். அன்று அது ஒலிப்பதிவுதான். பின்னாளில் அவர் தன் குழுவுக்கென்றே ஓர் இசைக்குழுவை 1996இல் உருவாக்கினார். நடனம் என்றால் வாசிக்கிறவர்கள் எதிரிலேயே இருக்க வேண்டும் என்பதைக் கொள்கையாக்கினார். இருபது ஆண்டுகள் அந்தக் கொள்கையோடு வாழ்ந்த பிறகுதான் லைலா அவரிடம் வந்தாள்.

நேரடி இசை ஏன் அவ்வளவு முக்கியம்? முகாம் என்பது அசர்பைஜானின் ராக ஆலாபனை என்று வைத்துக்கொள்ளலாம். பாடகர் ஒரு சுர வட்டத்துக்குள் நின்று, அன்றைய மனநிலைக்கு ஏற்ப வளர்த்துக்கொண்டே போவார். நேற்று இரண்டு மூச்சில் முடிந்த சொல் இன்று ஐந்து மூச்சு நீளும். ஒலிப்பதிவை வைத்து ஒத்திகை பார்த்தவர்களுக்கு இது பிடிபடாது. தமிழ் மேடையில் இதற்கு இணையானது விருத்தம். விருத்தம் தொடங்கியதும் தாளம் நின்றுவிடும். மிருதங்கக்காரர் கையை மடியில் வைத்துக்கொள்வார். ஆடுகிறவருக்குக் கணக்கு என்று எதுவும் கையில் இருக்காது. பாடுகிறவரின் தொண்டை எப்போது அடைக்கிறது, எப்போது மூச்சு வாங்குகிறார் என்பதை ஓரக்கண்ணால் பார்த்துத்தான் பாதத்தைத் தூக்க முடியும். பிரிவுத் துயரம் இவ்வளவு விநாடி நீளம் என்று யாரும் வெட்டி வைக்க முடியாது. லைலா கதைக்கு உயிருள்ள குரல் தேவைப்படுவது இதனால்தான்.

இன்று நிலைமை எப்படி இருக்கிறது? சிறு நகரங்களில் பரதநாட்டியம் பயிலும் பிள்ளைகளில் பெரும்பாலோர் பென் டிரைவ் பாட்டுக்குத்தான் ஆடுகிறார்கள். அரங்கேற்றத்துக்குப் பக்கவாத்தியம் வைக்க வசதியில்லாத குடும்பங்களைக் குறை சொல்ல முடியாது. கோயில் திருவிழாவில் ‘ஆடலும் பாடலும்’ என்று மேடை போட்டாலும் பெரும்பாலும் பாடல் டிராக்கிலிருந்துதான் வருகிறது. கூத்திலும் முகவீணை வாசிக்கிறவர்கள் அருகிவிட்டார்கள்; அந்த இடத்தை ஆர்மோனியம் மட்டும் தாங்குகிறது. இசை கேட்கக் கிடைக்கிறது, இசைக்கிறவரைப் பார்க்கத்தான் கிடைப்பதில்லை. ஆட்டத்துக்கும் பாட்டுக்கும் நடுவே ஓடிய அந்தக் கண் ஜாடை காணாமல் போய்விட்டது.

அது மீளாது என்று கைவிட வேண்டியதில்லை. 2001இல் சந்திரலேகா ‘சரீரா’ என்ற நடனத்தைச் சென்னையிலிருந்து உலகுக்குக் கொண்டுபோனபோது, துருபத் பாடகர்கள் மேடையிலேயே அமர்ந்து பாடினார்கள். அந்தப் பாட்டின் நிதானமே உடலின் நிதானமானது. புரிசை கண்ணப்பத் தம்பிரான் பரம்பரையினர் பிரெக்டின் நாடகத்தையும், காப்ரியேல் கார்சியா மார்க்கேஸின் பெரிய சிறகுகள் கொண்ட கிழவன் கதையையும் கூத்தாக ஆடிக் காட்டியிருக்கிறார்கள். ஜெர்மானியக் கதையையும் கொலம்பியக் கதையையும் தாங்கிய களரிக்கு அரபுக் கதை பாரமாகாது.

வெளியூர்க் கதை எதற்கு, நம் ஊரில் கதையா இல்லை என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் வெள்ளாற்றின் போக்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். திட்டக்குடியைத் தொட்டுக்கொண்டு கிழக்கே போகும் ஆறு கடலில் கலப்பது பரங்கிப்பேட்டையில். அதன் இன்னொரு பழைய பெயர் மகமூது பந்தர். அரபு வணிகத்தோடு தலைமுறை தலைமுறையாக உறவு கொண்ட துறைமுகம் அது. இதே மாவட்டத்தில் காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய லால்பேட்டையில் 1862 முதல் அரபுக் கல்லூரி நடக்கிறது. அரபியிலும் பாரசீகத்திலும் இருந்து கிஸ்ஸா, மசலா, நாமா, முனாஜாத்து என்று இலக்கிய வகைகளையே தமிழுக்குள் கொண்டுவந்தவர்கள் தமிழ் முஸ்லிம் புலவர்கள். கிஸ்ஸா என்றால் கதை. உமறுப்புலவர் அரபு நிலத்து வாழ்வைச் சீறாப்புராணத்தில் பாடியபோது, அந்தப் பாலை நாட்டையே தமிழ் வயலும் வாய்க்காலுமாகக் காட்டினார். ஆற்றின் வாயில் வந்து இறங்கிய கதை, அதே ஆற்றின் கரையோடு மேலே ஏறித் திட்டக்குடிக்கு வருவது அந்நியம் என்று சொல்வதற்கில்லை.

இன்னொரு காரணம் கசப்பானது. ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

2003 ஜூலையில் விருத்தாசலம் அருகே ஓர் இளம் தம்பதியை விஷம் கொடுத்துக் கொன்றார்கள். இருவரும் வேறு வேறு சாதி. தங்களுக்குள் விரும்பி, சட்டப்படி பதிவுத் திருமணம் செய்துகொண்டவர்கள். பெண்ணின் குடும்பமே முன்னின்று செய்த கொலை அது. தீர்ப்பு வரப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின. 2021 செப்டம்பரில் கடலூர் நீதிமன்றம் 13 பேரைக் குற்றவாளிகள் என்றது. அவர்களில் காவல் துறையைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் குற்றவாளிகளின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. அந்த இருவரின் பெயரும் இந்த மாவட்டத்துக்குத் தெரியும். இன்றும் டீக்கடையில் அந்தப் பேச்சு வந்தால் குரல் தாழ்ந்துவிடுகிறது.

குடும்ப மானம் என்று சொல்லி லைலாவைப் பூட்டி வைத்த தந்தை பழைய அரபுக் கதையில் மட்டும் இருக்கிறார் என்று யாராலும் சொல்ல முடியாது. இந்தக் கொலையை அப்படியே நாடகமாக்கி இதே ஊர்களில் போட்டால் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும்: யார் பக்கம் யார் என்று கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிடும், துயரத்தை யாரும் பார்க்க மாட்டார்கள். ஆயிரத்து முந்நூறு ஆண்டு பழைய கதைக்கு அந்தத் தடை இல்லை. பனூ ஆமிர் குலத்துக்காக இங்கே யாரும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வரமாட்டார்கள். லைலாவுக்காக ஒரு தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டால், அந்தக் கண்ணீர் வேறு யாருக்காகவும் வந்ததா என்று கேட்கும் வேலை யாருக்கும் இல்லை. நான்கு ஜோடிகள் மாறி மாறி ஆடும்போது, அவற்றில் ஒன்று தன் தெருவில் பார்த்த முகம்போல் அவளுக்குத் தோன்றக்கூடும். தோன்றட்டும்.

சமயம் குறுக்கே வருமோ என்ற தயக்கம் சிலருக்கு இருக்கும். மஜ்னூனின் ஏக்கத்தை இறைவனுக்கான ஏக்கமாகவே சூஃபிகள் நூற்றாண்டுகளாகப் படித்து வந்திருக்கிறார்கள். நாயகன் நாயகி பாவத்தில் ஆழ்வார் பாசுரம் கேட்ட காதுக்கு அது சட்டென்று புரியும். கதையின் பொருளைத் தமிழ் முஸ்லிம் அறிஞர்களோடு உட்கார்ந்து பேசி, தாயிரா கொட்டிப் பாடும் பக்கீர் ஒருவரையும் கூத்து வாத்தியார் ஒருவரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தால் பாதி வேலை முடிந்தது. ஹாஜிபெய்லியும் அப்படித்தான் செய்தார். பாக்கு நகரத்தில் 1908 ஜனவரியில் அவருடைய நாடகம் அரங்கேறியபோது அவருக்கு வயது 22. மேலை நாட்டு ஆபரா வடிவத்துக்குள், ஊரில் தலைமுறையாகப் பாடி வந்த முகாம் இசையை அப்படியே வைத்தார். பெண்கள் மேடையேற முடியாத காலம் என்பதால், டீக்கடையில் வேலை பார்த்த ஒரு பையன் லைலாவாக நின்றான். சங்கரதாஸ் சுவாமிகளின் பாய்ஸ் கம்பெனிகளில் ஸ்திரீபார்ட் கட்டிய சிறுவர்களை அறிந்த தமிழ் நாடக உலகத்துக்கு, அந்தப் பாக்குப் பையன் உறவுக்காரன்தான்.

பணம்தான் உண்மையான தடை. பாடகர் இருவர், ஆர்மோனியம், மிருதங்கம், தாயிரா, முகவீணை, எட்டு ஆட்டக்காரர்கள். இத்தனை பேருக்கும் சம்பளம், சாப்பாடு, ஒரு மாத ஒத்திகை. ஒரு ஊர்க் கமிட்டி தனியாகத் தாங்க முடியாது. ஆனால் கலை பண்பாட்டுத் துறைக்கு இது பெரிய தொகையே இல்லை. பொங்கலுக்குச் சென்னையில் ‘சங்கமம்’ நடத்தி ஊர்க் கலைஞர்களைத் தலைநகருக்கு அழைத்துப் போகிறது அரசு. நல்ல காரியம். அதே பேருந்து திரும்பி வரும்போது நவீன நடனக்காரர்கள் நான்கு பேரையும் ஏற்றிக்கொண்டு திட்டக்குடியில் இறக்கிவிடலாம். கூத்து வாத்தியாரிடம் அவர்கள் அடவு கற்கட்டும். நாற்காலி இல்லாத ஊரில் தரையில் உட்கார்ந்து பார்க்கும் கூட்டத்துக்கு எப்படி ஆடுவது என்று தெரிந்துகொள்ளட்டும். கூத்துப் பிள்ளைகள் அவர்களிடம் பேச்சில்லாமல் உடம்பால் கதை சொல்லும் வித்தையைக் கற்கட்டும். பள்ளி விழாவிலும் இதில் ஒரு காட்சியை வைக்கலாம். ஒரே நிபந்தனை, பாட்டைப் பெட்டியிலிருந்து போடக் கூடாது.

சித்திரையில் நடத்தினால் பொருத்தமாக இருக்கும். வெள்ளாறு வற்றி, கரையிலிருந்து கரை வரை மணலாகக் கிடக்கிற மாதம். அந்த மணலுக்கு முன்னால் களரி போட்டால் மஜ்னூனின் பாலைக்குத் தனியாகத் திரை எழுத வேண்டாம். ராத்திரி பத்து மணிக்கு மேல் காற்று குளிரத் தொடங்கும். பெஞ்சில் பக்கீரும் பின்பாட்டுக்காரர்களும் அமர்ந்திருப்பார்கள். இரண்டு பேர் திரையைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். ஒரு கிரீடம் ஆட வேண்டிய இடத்தில், திரைக்கு மேலே நான்கு தலைகள் தெரியும். வந்திருப்பது யார், பெயர் என்ன என்று கட்டியக்காரன் வழக்கம்போலக் கேட்பான். திரைக்குப் பின்னாலிருந்து பதில் வராது. அவன் மறுபடி கேட்பான். பெஞ்சிலிருந்து ஒரு குரல் மட்டும் தாளமில்லாமல் எழும். மிருதங்கக்காரரின் கை மடியில் இருக்கும்.